நான் உருள்கிறேன்

வால்வோ என்றால் நமக்கு பஸ். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி, விடிவதற்குள் பெங்களூரில் இறக்கிவிடுகிற ஏ.சி. பஸ். கம்பளி கொடுப்பார்கள், தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள், முன்னால் டி.வி.யில் ஒரு படம் பாதியிலிருந்து ஓடும். எந்தக் கம்பெனி தயாரித்த பஸ்ஸாக இருந்தாலும் சொகுசாக இருந்தால் நம் ஊரில் அது ‘வால்வோ’தான்!

ஸ்வீடன்காரர்களுக்கு வால்வோ என்றால் கார். (பஸ் கம்பெனியும் கார் கம்பெனியும் 1999-லேயே பிரிந்து தனித்தனியாகிவிட்டன. கார் கம்பெனி இப்போது சீனாவின் ஜீலியிடம் இருக்கிறது.) பெட்டி மாதிரி ஒரு கார். பத்திரமானது, பலமானது, ஆயுசு கெட்டி. அழகு? மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்கள், ‘பையன் நல்ல குணம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட கம்பெனி ஒரே ஒரு முறை புத்தி பேதலித்து ஓர் அழகான காரைச் செய்தது. பெயர் பி1800. இரண்டு கதவு. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின் ஸீட்டில் குழந்தைகளை உட்கார வைக்கலாம், அதுவும் சண்டை போடாத குழந்தைகளாக இருந்தால். நீளமான மூக்கு, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி லேசாக எழும்பும் இரண்டு முனைகள், கதவின் மேல் வளைந்து ஏறும் ஒரு வெள்ளிக்கோடு. படத்தைப் பார்த்தால் இத்தாலிக் கார் என்றுதான் சத்தியம் செய்வீர்கள்.

வால்வோவின் முதலாளியும் அப்படித்தான் நம்பினார்.

நடந்தது இது. 1950-களில் அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் மோகம். வால்வோவும் ஃபைபர் கிளாஸில் பி1900 என்று ஒரு திறந்த காரைச் செய்து பார்த்தது. மொத்தம் எழுபதுகூடத் தேறவில்லை. 1956-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த குன்னார் எங்கெல்லாவ் அந்தக் காரைத் தானே ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்தவர், ‘தயாரிப்பை நிறுத்துங்கள்’ என்றார். பதிலாக ஒழுங்கான உலோக உடம்போடு ஒரு கார் வேண்டும், டிசைன் இத்தாலியிலிருந்து வரவேண்டும் என்பது ஏற்பாடு.

கம்பெனியின் ஆலோசகர் ஹெல்மர் பெட்டர்சன். அவருடைய மகன் பெல்லே, வயது 25, இத்தாலியில் ஃப்ரூவாவின் டிசைன் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இத்தாலிய டிசைன்களோடு மகன் வரைந்ததையும் அப்பா நைஸாகச் சேர்த்து மேஜையில் வைத்தார். எங்கெல்லாவ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றின் மேல் விரலை வைத்தார். எது என்று உங்களுக்கே தெரியும்.

விஷயம் தெரிந்தபோது மனிதருக்குப் பயங்கரக் கோபம். இத்தாலி என்று நினைத்ததை உள்ளூர்ப் பையன் வரைந்திருக்கிறான்! கார் வந்தது, ஆனால் பையன் பெயர் வரவில்லை. பல பத்தாண்டுகளுக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் டிசைன்: ஃப்ரூவா. பெல்லே அலட்டிக்கொள்ளாமல் படகு பக்கம் போய்விட்டார். பாய்மரப் படகுப் போட்டியில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 1972 மியூனிக்கில் வெள்ளி. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி இன்னொரு கதவு திறக்கும், சொல்லுங்கள்.

டிசைன் கிடைத்துவிட்டது. யார் செய்வது? ஜெர்மனியின் கார்மன் கம்பெனியிடம் போனார்கள். கார்மனின் பெரிய வாடிக்கையாளர் ஃபோக்ஸ்வேகன். ‘எங்கள் கார்மன் கியாவுக்குப் போட்டியாக ஒரு காரை நீயே செய்வாயா?’ என்று அவர்கள் முறைக்க, கதவு மூடியது. கடைசியில் சிக்கியது இங்கிலாந்தின் ஜென்சன். 10,000 கார்களுக்கு ஒப்பந்தம். 1960 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் காரைக் காட்டினார்கள். செப்டம்பரில் தயாரிப்பு ஆரம்பம்.

நான் பி.காம். படித்தவன். அவுட்சோர்ஸிங் என்றால் லாபம் என்று படித்துப் பாஸானவன். பி1800-ன் முதல் மூன்று வருடங்களை ஒரு முறை கவனமாகப் பாருங்கள். காரின் கூடு ஸ்காட்லாந்தில் லின்வுட் என்ற ஊரில், பிரஸ்டு ஸ்டீல் கம்பெனியில் தயாராகும். அங்கிருந்து கிட்டத்தட்ட 300 மைல் தெற்கே வெஸ்ட் பிராம்விச்சுக்கு வந்து ஜென்சனில் கார் ஆகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஸ்வீடனிலிருந்து கப்பலில் வரும். மூன்று ஊர், மூன்று முதலாளி. கூடு சரியில்லை என்று இவர் சொன்னார், பெயின்ட் சரியில்லை என்று அவர் சொன்னார். மழை பெய்தால் உள்ளே ஒழுகியது. 6,000 கார்களோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு 1963-ல் வால்வோ தயாரிப்பை ஸ்வீடனுக்கே கொண்டுபோய்விட்டது. காரின் பெயரும் 1800எஸ் ஆயிற்று. கூடு மட்டும் 1969 வரை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது.

இந்தக் களேபரத்தின் நடுவே ஓர் அதிர்ஷ்டம். ‘தி செயின்ட்’ என்ற இங்கிலாந்து டி.வி. தொடரில் கதாநாயகன் ரோஜர் மூருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. ஜாகுவாரின் இ-டைப் கேட்டார்கள். ஜாகுவார் கைவிரித்தது. வால்வோ ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றது. 1962-லிருந்து 1969 வரை உலகம் பூராவும் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தது. விளம்பரத்துக்குக் காசு கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்!

ஒரு ரகசியம் சொல்லவேண்டும். பி1800 பார்ப்பதற்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இருந்தது வால்வோவின் குடும்பக் கார் அமேசானின் சமாசாரம். எஞ்சின் 1.8 லிட்டர், ஆரம்பத்தில் 100 குதிரை சக்தி. இரும்பு பிளாக், கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஐந்து பேரிங். அந்தக் காலத்து நாலு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் மூன்றுதான். இதே எஞ்சினை மோட்டார் படகுகளிலும் வைத்தார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் நிஜ ஸ்போர்ட்ஸ் கார் இதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பத்து வருடம் கழித்து எது ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறு கேள்வி.

பத்து வருடம் என்ன, 47 வருடம் என்ன என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். இர்வ் கார்டன். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் பள்ளிக்கூட சயன்ஸ் வாத்தியார். 1966 ஜூன் 30 அன்று சிவப்பு 1800எஸ் ஒன்றை 4,150 டாலர் கொடுத்து வாங்கினார். வாத்தியார் சம்பளத்துக்கு அது கிட்டத்தட்ட ஒரு வருட வருமானம். பள்ளிக்கூடம் போய்வர தினமும் 125 மைல். 1987-ல் 10 லட்சம் மைல். 2002-ல் 20 லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் ஒரு நெடுஞ்சாலையில் 30 லட்சமாவது மைல். கிலோமீட்டரில் 48 லட்சம் சொச்சம். சந்திரனுக்கு ஆறு தடவை போய்த் திரும்பிவிட்டு, ஏழாவது தடவை பாதி வழிக்கு மேல் போயிருக்கலாம். தனி ஒரு மனிதர், ஒரே கார், கின்னஸ் ரெக்கார்டு. 2018 நவம்பரில், தன் 78-வது வயதில் காலமாகிறவரை அவரை யாரும் நெருங்கவில்லை.

எஞ்சினை முதல் தடவையாகப் பிரித்துச் செய்தது 6,80,000 மைலில். நம்ப முடிகிறதா? நாம் 60,000 கிலோமீட்டர் ஓடிய காரை ‘ரொம்ப ஓடின வண்டி சார்’ என்று விலை குறைத்துக் கேட்கிறோம்.

என்ன ரகசியம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாத்தியார் சொன்னது சப்பென்று இருக்கும். காரோடு வந்த புத்தகத்தைப் படித்தாராம். அதில் போட்டிருந்தபடி ஆயில் மாற்றினாராம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் பி.காம். மூளை சும்மா இருக்கமாட்டேன் என்றது. தேய்மானக் கணக்கு தெரியுமல்லவா? நம் வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவிகிதம், மிச்ச மதிப்பின் மேல். 4,150 டாலரில் ஆரம்பித்து 47 வருடம் கழித்துக்கொண்டே வந்தேன். 30 லட்சமாவது மைலில் வாத்தியாரின் காருக்குப் புத்தக மதிப்பு சரியாக இரண்டு டாலர்! கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். இரண்டே டாலர். கணக்குப் புத்தகத்தில் கார் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அதை அலாஸ்காவில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் காலேஜ் நண்பன் ஒருவன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து தேய்மானம் படித்தவன். வாத்தியாரின் கதையைப் படித்துவிட்டு மயங்கி, 1971 மாடல் 1800இ ஒன்றை வாங்கிவிட்டான். என்ன விலை? மனைவிக்குச் சொன்னது ஒன்று, எனக்குச் சொன்னது ஒன்று. நான் போயிருந்தபோது கராஜ் கதவைத் தூக்கிக் காட்டினான். பெயின்ட் கண்ணாடி மாதிரி. உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள், பழைய தோலும் பெட்ரோலும் கலந்த வாசனை. எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது.

“மச்சான், ஓடினா சொர்க்கம்டா” என்றான்.

“ஓடினா?”

சிரித்தான். பிறகு பட்டியல் போட்டான். அவனிடமும், அவன் போய்க்கொண்டிருந்த கிழ மெக்கானிக் ஒருவரிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் பி1800 வாங்கப்போவதில்லை, தெரியும். ஆனாலும் கேளுங்கள், பழைய கார் எதற்கும் பாதி பொருந்தும்.

முதலில் டைமிங் கியர். கிராங்க் ஷாஃப்டின் கியரும் கேம் ஷாஃப்டின் கியரும் ஒன்றோடொன்று பல் பிடித்துச் சுற்றுகின்றன. இரண்டும் இரும்பாக இருந்தால் சத்தம் போடும். சத்தம் வேண்டாம் என்று கேம் ஷாஃப்ட் கியரை மட்டும் ஃபைபரில் செய்தார்கள். பல வருடம் உழைக்கும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் பற்கள் கொட்டிவிடும், நடுரோட்டில் எஞ்சின் நின்றுவிடும். உலோகக் கியர் போட்டுவிட்டால் தீர்ந்தது, லேசாக ஒரு ‘ஙொய்’ சத்தத்தோடு வாழவேண்டும். வாங்கின கையோடு இதைச் செய்யாதவனுக்கு இந்தக் காரை ஓட்ட யோக்கியதை இல்லை என்பது கிழவரின் கட்சி.

1800எஸ் மாடலில் இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்ப்பரேட்டரின் வாயிலும் பிடித்து, ‘உஸ்’ஸென்ற சத்தம் ஒரே மாதிரி வரும்வரை திருகுவார்கள். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். அப்புறம் எத்தனை திருகினாலும் வண்டி சிக்னலில் நின்று குலுங்கும்.

நண்பனுடைய 1800இ-யில் கார்ப்பரேட்டர் கிடையாது. போஷ் கம்பெனியின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன், 1960-களின் கடைசியில் வந்த ஆச்சரியம். எஞ்சினுக்குள் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்லும், ஒரு பெட்டி அதைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து விடும். கம்ப்யூட்டர் என்று சொல்லமுடியாது, ட்ரான்ஸிஸ்டர் ரேடியோவின் ஒன்றுவிட்ட தம்பி. பெட்டி பெரும்பாலும் கெடுவதில்லை. சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய தகடு விரிசல் விடும். எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து வயர்களின் மேல்தோல் அப்பளமாக நொறுங்கும். அது தெரியாமல் பெட்டியைக் குற்றம் சொல்லிப் புதுப்பெட்டிக்குப் பணம் அழுதவர்கள் ஏராளம். “வயரைப் பாருடா, வயரைப் பாரு” என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். அவனும் அழுதவன்தான்.

ஓவர்டிரைவ் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. நெடுஞ்சாலையில் தட்டினால் எஞ்சின் வேகம் குறையும், கார் வேகம் குறையாது. வேலை செய்யவில்லை என்றால் கியர்பாக்ஸைக் கழற்றாதீர்கள். முதலில் ஆயில் அளவு, அடுத்தது வயர், சோலனாய்டு. முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டருக்கு மயிரிழை மாதிரி ஒரு குழாய் போகும். அது உடைந்தால் மீட்டர் முள் நிரந்தர ஓய்வு.

இவை எல்லாமே சில்லறை. காசு கொடுத்தால் தீர்கிற வியாதிகள். பி1800-ஐக் கொல்வது எஞ்சின் அல்ல, துரு.

இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, கூடுதான் எலும்பு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற ‘சில்’ என்ற பாகம் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று என்று பெட்டி மாதிரி அடைத்துப் பற்றவைத்தது. குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீரும் சேறும் அந்தப் பெட்டிக்குள் நுழையும். அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள் சேறு அடைத்து மூடிக்கொள்ளும். அப்புறம் உள்ளேயிருந்து வெளியே தின்னும். கண்ணுக்குத் தெரியும்போது எலும்பு போயிருக்கும்.

கிழவர் காரை மேலே தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சில் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனாராம். டக்... டக்... டக்... பொத். அங்கே முனையால் ஒரு குத்து. உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கமும் அப்படியே. யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் துருவின் மேல் பட்டி போட்டு அப்பி, தேய்த்து, அழகாகப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்.

சரியாகச் செய்ய ஆகும் செலவு, வாங்கின விலையைவிட அதிகம். (எனக்குச் சொன்ன விலையைவிட!) மகன் அடுத்த வருடம் காலேஜ். நண்பன் எனக்கு போன் செய்தான். “நீதான் இன்னும் கணக்கு எழுதிப் பொழைக்கிற. சொல்லுடா.”

கணக்குப்படி சொன்னேன். போட்ட பணம் போனது, அதை நினைக்காதே. இனிமேல் போடப்போவது எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று மட்டும் பார். அப்படிப் பார்த்தால் இருக்கிற நிலையில் விற்றுவிடு.

அதில்தான் சிக்கல். உண்மையைச் சொல்லி விற்றால் உதிரி பாகத்துக்குத்தான் கேட்பார்கள். வேறொரு பட்டறையில் இன்னொரு வழி சொன்னார்களாம். “இரண்டு நாள் கொடுங்கள். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துத் தருகிறோம். யாருக்கும் தெரியாது.” செலவும் கொஞ்சம்தான், போட்ட பணமும் கையில் வந்துவிடும். நண்பன் இரண்டு வாரம் எனக்கு போனே செய்யவில்லை.

மூன்றாவது வாரம் அவன் மனைவி செய்தாள். “அண்ணா, பட்டி போட்டு வித்துடலாம்னு இவர் மனசுக்குள்ள ஒரு யோசனை. கதவு சாத்தறப்ப கூடு மடங்கிப் போற அளவுக்கு இருக்கற வண்டியில வேற யாரோ குழந்தைங்களை ஏத்திக்கிட்டுப் போவாங்க இல்ல? எனக்கு இந்தக் கார் பிடிக்காது. அதுக்காக அதையா செய்யறது? நீங்க சொல்லுங்க.”

என்னத்தைச் சொல்வது? இந்தத் தொகையைப் போட எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. “அவனிடம் போனைக் கொடும்மா” என்றேன். கொடுத்தாள். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “விக்கலைடா” என்றான்.

பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சாயங்கால வெல்டிங் வகுப்பு நடக்கிறது. அதில் சேர்ந்துவிட்டான். 45 வயதில் தோல் ஏப்ரன், முகமூடி. வகுப்பில் எல்லாரும் 20 வயதுப் பையன்கள், இவனை ‘சார்’ என்கிறார்களாம். முதல் பற்றவைப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினான், எறும்புப் புற்று மாதிரி இருந்தது. வாத்தியார் அதை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். ஆறு மாதம் வெறும் தகடுகளில் பழகிவிட்டுத்தான் காரில் கையை வைத்தான். சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவே சாத்தாது. தகடுகளை கிழவர் வாங்கிக் கொடுத்தார், சனிக்கிழமைகளில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து திட்டவும் செய்கிறார்.

போன வாரம் பேசினேன். இடது பக்கம் முடிந்துவிட்டதாம். டைமிங் கியரும் மாற்றியாகிவிட்டது. பின்னால் ‘ஏங்க, சாப்பாடு ஆறுது’ என்று குரல் கேட்டது. வலது பக்கத்தை நவம்பருக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தான். டிசம்பரில் ரோட்டில் உப்புப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.